மயிரிழை ஏறிய கார்னெட்

பொரிகிற சத்தம் கேட்டதும் சந்திரலேகாவுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பளம் பொரிகிற சத்தமாக இருந்திருந்தால் பரவாயில்லை. இது பழைய இசைத்தட்டு சுழலும்போது வருமே, அந்தக் கரகரப்பு. ஸ்ரீபெரும்புதூர் ஹைவே ஓரத்து ஹோட்டல் லவுஞ்சில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்தும் அது ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டலுக்கு நடுவே யாரோ ஒருவர் கார்னெட் வாசித்துக்கொண்டிருந்தார்.

"கார்னெட்னா இன்னா மேடம்?" என்று காதோரம் கேட்டான் கோதண்டம். இருங்காட்டுக்கோட்டையில் பதினைந்து வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போது அவளுடைய துப்பறியும் ஏஜென்சியில் டிரைவர், உதவியாளர், வாய் எல்லாமே அவன்தான்.

"ட்ரம்பெட்டோட குள்ளத் தம்பி. பேசாம கேளு."

"நம்ம கல்யாண பேண்ட்ல ஊதுவானுங்களே, அதுவா? அவனுங்க ஸ்பீக்கரே இல்லாம ரெண்டு தெருவை எழுப்புவானுங்களே மேடம். இதுக்கு எதுக்கு பீரோ சைஸ்ல ரெண்டு பொட்டி?"

எதிர் சோபாவில் இருந்த ராஜசேகர் சிரித்தார். சந்தன நிற லினன் சட்டை, பத்தடிக்கு முன்னாலேயே வந்து சேரும் சென்ட். கோதண்டத்திடம் கைகுலுக்கிய கையோடு, மேஜையிலிருந்த சானிடைசரை எடுத்து நிதானமாக விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டார். சந்திரலேகா அதைப் பார்த்தாள். கோதண்டமும் பார்த்தான்.

"லூசியன் டார்பன். நியூ ஆர்லியன்ஸ்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலுல மொத்தம் எட்டே எட்டுப் பாட்டு ரெக்கார்ட் பண்ணினார். நூறு வருஷமா கீறலும் தூசியுமா கிடந்ததை என் நீலாங்கரை ஸ்டூடியோவுல பதினெட்டு மாசம் உட்கார்ந்து சுத்தம் பண்ணினேன். தனி ஆளா. இன்னிக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு இதே ஹால்ல வெளியீடு. ஒரகடம் கம்பெனிகள்ல இருக்கிற ஜப்பான்காரங்க எல்லாம் வர்றாங்க. ஜாஸ்னா உசிரை விடுவாங்க."

"சுத்தம் பண்ணினீங்க சரி. அப்புறம் ஏன் இப்படிப் பொரியுது?"

"அது நான் சேர்த்தது மேடம்." பெருமையாகச் சொன்னார். "ரொம்ப சுத்தமா இருந்தா பழசுன்னு எவன் நம்புவான்? கொஞ்சம் கரகரன்னு தூவிட்டேன். இப்போ ஒரு ஆன்டிக் ஃபீல் வருது பாருங்க."

சந்திரலேகா பதினாறு வருஷம் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவள். அழுக்கின் மேல் பெயின்ட் அடித்து மறைக்கிறவர்களை லைன் லைனாகப் பார்த்திருக்கிறாள். சுத்தமான பொருளின் மேல் அழுக்கைத் தூவிவிட்டு மீசையைத் தடவுகிற ஆளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். சீ என்றிருந்தது.

ஆனால் அந்தக் குப்பைக்கு அடியில் இருந்த கார்னெட் அவளை விடவில்லை. அந்த மனிதர் கத்தவில்லை, துருத்தவும் இல்லை. ஒவ்வொரு சுரமும் தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் காற்று, அப்புறம் உருண்டு திரண்ட தொனி. பாட்டின் நடுவில் ஒரு சுரத்தைப் பிடித்து, அவசரமே இல்லாமல் நிறுத்தி வைத்தார். அதற்கு முன்னால் அவர் மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது. இவ்வளவு பக்குவமாகச் சுத்தம் பண்ணிய கையும் இந்தக் கரகரப்பைத் தூவிய கையும் ஒரே கையா? அவளுக்கு அந்த இடம் உறுத்தியது.

"எட்டுப் பாட்டுலயும் அந்தச் சுரத்தைப் பிடிச்சு நிப்பார். அவரோட முத்திரை அது" என்றார் ராஜசேகர். "சரி, விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கிழமை என் வீட்டுல பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பாட்டுப் போட்டேன். கியர்பாக்ஸ் கம்பெனில வேலை பார்க்கிற முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணும் வந்தா. அவ போனதுக்கு அப்புறம் என்கிட்ட இருந்த அசல் தட்டு ஒண்ணைக் காணோம். உலகத்துலயே அதுக்கு நாலஞ்சு பிரதிதான் இருக்கும்."

"போலீஸ்?"

"கம்ப்ளெயின்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். ரெண்டு மணிக்கு எஸ்.ஐ. அமலா அவ ரூமுக்கு வருவாங்க. அதுக்குள்ள நீங்க போய்த் தட்டு அங்கேதான் இருக்குன்னு உறுதி பண்ணிடணும். பென்னலூர்ல ஏதோ லைன் வீடாம். நான் அந்தப் பக்கமெல்லாம் போனதே இல்லை, அட்ரஸ் அவ கம்பெனி எச்.ஆர்.ல வாங்கினது."

மேஜையில் ஒரு கடிதம் கிடந்தது. முன்கூட்டியே பிரதி அனுப்பப்பட்ட ஜப்பானிய எஞ்சினியர் ஒருவர் எழுதியது. சந்திரலேகா தலைகீழாகவே படித்தாள். தொனி அற்புதம், ஆனால் எட்டுப் பாட்டுமே சுருதியில் மயிரிழை மேலே நிற்கின்றன, வேகத்தைச் சரிபார்க்கவும் என்று இருந்தது.

"இது?"

"அதிகப்பிரசங்கி. லூசியன் அப்படித்தான் வாசிப்பார். அது என்னோட ஆராய்ச்சி முடிவு" என்று கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார் ராஜசேகர்.

வெளியே வந்து பழைய ஆம்னி வேனில் ஏறினார்கள்.

"அந்தாளு தேச்சிகினான் பாரு கையை" என்றான் கோதண்டம் சாவியைத் திருகியபடி. "நான் காத்தாலதான் குளிச்சேன் மேடம். அந்தாளுதான் செண்டுல குளிச்சிட்டு வந்துகீறான்."

சந்திரலேகா சிரிக்கவில்லை. இந்த கேஸை ஏன் ஒத்துக்கொண்டோம் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

*

பென்னலூர் லைன் வீடு, கியர்பாக்ஸ் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு கால்வாய். அதில் ஓடிய தண்ணீருக்கு என்ன நிறம் என்று சொல்ல முடியாது. இரும்புப் படி ஏறினால் மாடியில் நான்கு அறைகள். மூன்றாவது அறைக் கதவைக் கோதண்டம் தள்ளினான். அசையவில்லை. தோளால் முட்டினான். உதைத்தான்.

"திருடி வச்ச பொருளுக்கு நல்ல கேட்டுப் போட்டுகீது மேடம் இந்தப் பொண்ணு."

"கீல் இறங்கிட்டுண்ணே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கைப்பிடியை மேல தூக்கி, அடியில கால் பெருவிரலால ஒரு தட்டுத் தட்டுங்க. தட்டிட்டே தள்ளணும்."

தூக்கினான், தட்ட மறந்தான். தட்டினான், தூக்க மறந்தான். ஐந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது.

முத்துச்செல்விக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சங்கரன்கோவில் பக்கம். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகம். சந்திரலேகா தேடவே வேண்டியிருக்கவில்லை. தட்டு மேஜை மேலேயே, சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"இது உன்கிட்ட எப்படி வந்தது?"

"சார்தான் தந்தாவ. ராஜசேகர் சார். கீறல் எங்க இருக்குன்னு தட்டைப் பாத்தாத்தான் தெரியும்னு கேட்டேன், ஒண்ணு மட்டும் கொண்டாந்து தந்தாவ. அஞ்சு மாசமா இங்கனதான் இருக்கு. ஏங்க்கா, திரும்பக் கேட்டாவளா?"

அவள் சொன்னதன் சுருக்கம் இது. கம்பெனியில் கியர்பாக்ஸை ஓடவிட்டு, காதால் கேட்டே நல்லது கெட்டது பிரிக்கிறது அவள் வேலை. ஃபேமிலி டேக்கு ஸ்பீக்கர் வைக்க வந்த ராஜசேகரிடம் சூப்பர்வைசர் அவள் காதைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறார். மறுவாரமே மனிதர் ஒரு லேப்டாப்போடு வந்துவிட்டார். எட்டுப் பாட்டையும் அவள்தான் இந்த அறையில் உட்கார்ந்து, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட், ஒவ்வொரு கீறலாக எடுத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, அவள் சுத்தம் பண்ணியபடியே பாட்டு ஓடியது. அன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டாள். அட்டையின் பின்பக்கம் சின்னதாகத் தன் பேரையும் போட முடியுமா என்று. அவர் சிரித்தார். செவ்வாய்க்கிழமை வந்து, சர்வீஸுக்கு என்று சொல்லி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். தட்டை மட்டும், இருக்கட்டும் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனார்.

"போனதே இல்லைன்னான் அந்தாளு" என்றான் கோதண்டம்.

"மெசேஜ், போன் ஏதாவது?"

"எல்லாம் நேர்லதான்க்கா. போன்ல பேசினா வேலை கெட்டுப்போகும்னு சொல்லுவாவ."

ஆள் வந்ததற்குச் சாட்சி இல்லை, வேலை செய்ததற்கு லேப்டாப் இல்லை. இருப்பது தட்டு ஒன்றுதான். அது அவளையே திருடி என்று காட்டிக்கொடுக்கும். வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். திருடி என்று பேர் வாங்கிய பெண், பாட்டைச் சுத்தம் பண்ணியது நான்தான் என்று சொன்னால் எவன் காது கொடுப்பான்? அந்த ஆளைவிட வெளியே ஓடிய கால்வாயே மேல் என்று சந்திரலேகாவுக்குத் தோன்றியது.

புகார் விஷயத்தைச் சொன்னதும் முத்துச்செல்வி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கிழமை எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர்க்கா. போலீஸ் கேஸுன்னா கேட்டுக்கு வெளியவே நிறுத்திருவாவ. ஊருல போய் என்னன்னு சொல்லுவேன்?"

பேச்சை மாற்றுவதற்காகத்தான் கோதண்டம் ஹோட்டலில் கொடுத்த பிரதியைத் தன் போனில் ஓடவிட்டான். பொரியத் தொடங்கியது.

முத்துச்செல்வி நிமிர்ந்தாள். போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கோதண்டமே வாயை மூடிக்கொண்டான்.

"இதை யாருக்கா போட்டது? நிஜக் கீறல்னா தட்டு ஒரு சுத்துச் சுத்துறப்ப ஒரு தடவை டிக்குன்னு வரும். இது சும்மா மழை மாதிரி எல்லா இடத்துலயும் ஊத்துது. மூச்சு மேலயும் ஊத்தியிருக்காவ! அந்தக் காலத்துல மைக் கிடையாது. பெரிய புனல் முன்னால நின்னு வாசிக்கணும். இவரு சத்தம் பெருசுன்னு கதவு கிட்ட நிறுத்தி வச்சிருப்பாவ போல, அவ்வளவு தூரத்துல கேக்கும். அங்க இருந்து மூச்சு இழுக்குறது இங்க கேக்கணும்னு ஒரு பாட்டுக்கு இருபது நாளு இருந்தேன். மூச்சையும் துடைச்சிட்டா அப்புறம் ஆளு எங்க இருக்கான்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திருடின்னு சொன்னதைக்கூடத் தாங்கிக்கிடுவேன். இது என்னத்துக்குக்கா?"

அந்த நேரத்தில்தான் பன்னிரண்டரைச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. சுவருக்கு அந்தப் பக்கம், கம்பெனிக் கூரையிலிருந்து. ஐந்தே விநாடி, நின்றுவிட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

சந்திரலேகா போனைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"முத்துச்செல்வி, பழைய தட்டெல்லாம் ஒண்ணு வேகமா இருக்கும், ஒண்ணு மெதுவா இருக்கும். எட்டுக்கும் வேகத்தை எதை வச்சு முடிவு பண்ணே? உன்கிட்ட வாத்தியம் ஏதும் இல்லையே."

அவள் ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

அன்றைக்கு முதல் தடவையாகச் சந்திரலேகா சிரித்தாள். "கோதண்டம், ராஜசேகருக்குப் போன் போடு. தட்டு கிடைச்சிடுச்சு, ஒண்ணே முக்காலுக்கு நேர்ல வந்து அடையாளம் காட்டணும்னு சொல்லு. அப்புறம் இன்னொண்ணு. அவர் வந்ததும் கதவைச் சாத்திடு."

"மறுபடியும் அந்தக் கதவா?" என்று முனகினான் கோதண்டம்.

*

ராஜசேகர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். எஸ்.ஐ. அமலா, சந்திரலேகா கூப்பிட்டபடி, அவருக்கு முன்பே வந்து மேஜையருகில் நின்றிருந்தார். கோதண்டம் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த கதவை இழுத்துச் சாத்தினான்.

"இதேதான்" என்றார் ராஜசேகர் தட்டைப் பார்த்ததும். முத்துச்செல்வியைப் பார்த்து, அவ்வளவு அன்போடு தலையை ஆட்டினார். "இந்த வயசுல ஏம்மா உனக்கு இந்தப் புத்தி?"

சந்திரலேகாவுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கையைக் கட்டிக்கொண்டாள். "எஸ்.ஐ. மேடம் எழுதிக்கிறதுக்காக ஒரு தடவை சொல்லிடுங்க சார். பாட்டைச் சுத்தம் பண்ணினது?"

"நான். நீலாங்கரையில. சவுண்ட் புகாத ரூம்ல."

"இந்தப் பொண்ணு கை படவே இல்லை?"

"எப்படிப் படும்?"

"இந்த ரூமுக்கு இதுக்கு முன்னாடி?"

"வந்ததே இல்லை. கம்ப்ளெயின்ட்லயே எழுதியிருக்கேன். வாசல்ல ஓடுதே, அந்த நாத்தத்துல மனுஷன் வருவானா?"

"பாட்டோட வேகம், சுருதி?"

"என் காது. என் ஆராய்ச்சி."

மணி ஒன்று ஐம்பத்தொன்பது. சந்திரலேகா சைகை காட்டினாள். கோதண்டம் முதல் பாட்டில் அந்தச் சுரம் தொடங்கும் இடத்தில் விரலை வைத்துத் தயாராக நின்றான். முத்துச்செல்வி ஜன்னலை முழுசாகத் திறந்தாள்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஷிஃப்ட் மாறுகிற சங்கு, முழுசாக ஒரு நிமிஷம். ஏறி, உச்சியில் போய் நின்றது. கோதண்டம் போனை அழுத்தினான். நூறு வருஷத்துக்கு முந்தைய லூசியன் டார்பன் மூச்சை இழுத்துக்கொண்டு தன் சுரத்தைப் பிடித்தார்.

இரண்டும் ஒன்றாகிவிட்டன. எது சங்கு, எது கார்னெட் என்று பிரிக்க முடியவில்லை. கரகரப்புகூட அதில் அமுங்கிப் போனது. கோதண்டம் மூன்றாவது பாட்டுக்குத் தாவினான். அங்கேயும் அதே. ஏழாவதிலும் அதே. அமலா ஜன்னலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

சங்கு அடங்கியது.

"சொல்லும்மா" என்றாள் சந்திரலேகா.

"ரெண்டு சத்தம் கிட்டக் கிட்ட இருந்தாலும் ஒண்ணா இல்லாட்டி, வவ்வவ்னு அலையடிக்கும் மேடம்" என்றாள் முத்துச்செல்வி அமலாவிடம். "அலை நின்னா ரெண்டும் ஒண்ணு. கியர்ல நாங்க அப்படித்தான் பாப்போம். உலகத்துல எல்லா வாத்தியத்தையும் சேக்குற சுரத்துலதான் சங்கை வச்சிருக்குன்னு டிரெய்னிங்ல சூப்பர்வைசர் சொன்னாவ. அதான், ரெண்டு மணிச் சங்கு ஊதுறப்பல்லாம் அவரு நிக்குற சுரத்தை அதோட சேத்து வச்சேன். எட்டுப் பாட்டுக்கும் எட்டு நாளு."

"சூப்பர்வைசர் சும்மா அடிச்சு விட்டிருக்கார்" என்றாள் சந்திரலேகா. "இந்தச் சங்கு மயிரிழை மேலே ஊதுது. ஜப்பான்காரர் கடிதத்துல எழுதினாரே, அதே மயிரிழை. நீலாங்கரையில, சவுண்ட் புகாத ரூம்ல, பென்னலூர் சங்கு எப்படி சார் புகுந்தது?"

ராஜசேகரின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. "தற்செயல். இதெல்லாம் ஒரு சாட்சியா? நான்சென்ஸ்!"

"ஒரு பாட்டுன்னா தற்செயல். எட்டுமேவா?"

"மூணே மூணு போட்டுக் காட்டிட்டு எட்டுங்கிறீங்க! உங்களையெல்லாம் வேலைக்கு வச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும். எஸ்.ஐ. மேடம், நான் உங்க மேலதிகாரிகிட்டயே பேசிக்கிறேன்."

விறுவிறுவென்று கதவை நோக்கிப் போனார். கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினார். ஷூ முனையால் அடியில் ஒரு தட்டு. இழுத்தார். கதவு ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது.

அமலா கதவையும் அவர் ஷூவையும் பார்த்தார்.

"அடப்பாவி" என்றான் கோதண்டம், மனசாரப் பாராட்டுகிற குரலில். "எனக்கு அஞ்சு நிமிசம் ஆச்சு. சாருக்கு மட்டும் இந்தக் கதவு அவரு வூட்டுக் கதவாட்டம் தொறக்குதே!"

ராஜசேகர் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார். அவர் கை என்ன செய்தது என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"முதல் தடவை வர்றவங்களுக்கு இந்தக் கதவு திறக்காது சார்" என்றார் அமலா. "ஒண்ணரை மணிக்கு நானும் தள்ளிப் பார்த்தேன். வந்ததே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொய்ப் புகாருக்குத் தனியா செக்‌ஷன் இருக்கு. லேப்டாப் எங்கே? உங்க கார்லயா, வீட்லயா?"

"கார்ல" என்றார் ராஜசேகர். அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்த மனிதரின் குரல் அறையைத் தாண்டவில்லை.

அமலா அவரைப் படியிறக்கிக் கூட்டிப் போனார். முத்துச்செல்வி இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிழைத்தோம் என்ற களை முகத்தில் இல்லை.

"அப்போ எட்டுப் பாட்டையும் நான்தான் தப்பா வச்சிருக்கேனாக்கா?"

"அந்தத் தப்பு இல்லேன்னா இந்நேரம் நீ ஸ்டேஷன்ல உட்கார்ந்திருப்பே."

"இருந்தாலும் பாவம்லாக்கா அவரு. நூறு வருசம் கழிச்சுப் பேச வந்த மனுசனை, கொஞ்சம் தொண்டையைப் பிடிச்ச மாதிரி ஆக்கிட்டேன்." தட்டைத் துணியில் மறுபடியும் சுற்றினாள். "எஸ்.ஐ. மேடம்கிட்ட அந்த லேப்டாப்பை ஒரு மணி நேரம் இங்க வைக்கச் சொல்லுங்க. அவங்களே பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். வேகத்தைக் குறைக்கணும். அஞ்சு மணிக்கு ஜப்பான்காரவ வருவாவள்லா?"

"அப்படியே அட்டையில உன் பேரையும் பெருசா போடச் சொல்லிடு தங்கச்சி" என்றான் கோதண்டம். "நான் வேணா பெயின்டரை இட்டுகினு வரேன்."

முத்துச்செல்வி மேஜையில் கிடந்த அவன் போனைப் பார்த்தாள். பாட்டு இன்னும் நிற்கவில்லை, பொரிந்துகொண்டே இருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு அதை அணைத்தாள்.

"முதல்ல அந்தாளு கொட்டுனதை அள்ளுறேண்ணே. குப்பை மேல எம்பேரு எதுக்கு?"